கியர் இல்லாத வண்டி

கியர் மாற்றும் தொல்லை இல்லை, கைப்பிடியைத் திருகினால் ஓடும், விட்டால் நிற்கும் என்று சொல்லித்தான் ஸ்கூட்டர்களை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். சொல்வது பொய்யன்று. ஆயினும் அந்த வேலை எங்கும் ஒழிந்துபோய்விடவில்லை. அதை நம் காலிடமிருந்து வாங்கி, ஒரு றப்பர் பெல்ட்டிடமும் ஆறு சிறிய உருளைகளிடமும் ஒப்படைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

இருக்கைக்குக் கீழே இடப்பக்கமாக நீண்டிருக்கும் மூடியை நம்மில் அநேகர் ஒரு நாளும் கழற்றிப் பார்த்ததில்லை. அதனுள்ளே முன்னும் பின்னுமாக இரண்டு கப்பிகள் உள்ளன. ஒவ்வொரு கப்பியும் எதிரெதிராக வைத்த இரு தட்டுகளால் ஆனது. தட்டுகளின் உட்புறம் சரிந்திருக்கும். முன்கப்பி எஞ்சினோடு சேர்ந்து சுழல்கையில், அதனுள் அடங்கிய உருளைகள் வேகத்தினால் வெளிப்புறம் நோக்கி ஓடுகின்றன. திருவிழா இராட்டினம் விரைந்து சுழலும்போது அதன் தொட்டில்கள் வெளியே வீசப்படுவதைப் போல. ஓடிய உருளைகள் ஒரு தட்டை மற்றத் தட்டின்பால் நெருக்க, நடுவில் அகப்பட்ட பெல்ட் விளிம்பை நோக்கி ஏறுகிறது. பெல்ட்டின் நீளமோ மாறாதது. ஆகவே முன்னே அது ஏறிய அளவுக்குப் பின்கப்பியில் உள்ளே இறங்கியாக வேண்டும். அங்கே ஒரு பருத்த ஸ்பிரிங் அதனைத் தடுத்தபடி இருக்கும். ஏற்றம் வந்து வேகம் தளர்ந்தால் அந்த ஸ்பிரிங் வென்று பெல்ட்டைப் பழைய நிலைக்கு இழுத்துவிடும். பின்கப்பியோடு இணைந்ததே கிளச். எஞ்சின் ஓரளவு வேகம் பெற்றதும் அதன் கட்டைகள் விரிந்து, சுற்றியுள்ள டிரம்மைக் கவ்வும்; அப்போதுதான் சக்கரம் உருளும்.

இந்த ஏற்பாட்டை மோட்டார்க் காரில் பொருத்தி வெற்றிகண்டவர் ஒல்லாந்து தேசத்தவரான ஹுப் வான் டோர்ன். அவருடைய டாஃப் கம்பெனியின் சிறிய கார் 1958 ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வைக்கப்பட்டது. முன்னே போகும் அதே வேகத்தில் பின்னேயும் போகக்கூடிய விநோதம் அதற்கு உண்டு. பனியில் ஓடும் வண்டிகளிலும், அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பண்ணைகளில் உழலும் நாற்சக்கர வண்டிகள் பலவற்றிலும் இன்று இருப்பது இதே பெல்ட் முறைதான். நாம் மெக்கானிக்கைப் 'பாஸ்' என்று அழைக்கிறோமே, அதுவும் ஒல்லாந்தர் நம் நாட்டில் விட்டுச்சென்ற சொல்லே.

எம் மகள் பண்டாரவளையிலிருந்து அப்புத்தளைப் பக்கமாக ஏறிச் சென்று, ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறாள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்குச் சற்று முன்பு வாங்கிய ஸ்கூட்டர் அவளுடையது. 2022 இல் அது நோய்வாய்ப்பட்டது. புறப்படும்போது உடல் முழுவதும் நடுங்கும். சமதரையில் எஞ்சின் அலறும். வண்டியோ நாற்பத்தைந்தைத் தாண்டாது. ஏற்றத்தில் றப்பர் கருகும் வாடை வேறு. புதிய வண்டி வாங்க நாட்டிலேயே வழியில்லை. பஸ்ஸை நம்பினால் முதற்பாடம் போய்விடும். ஒரு கராஜில் மூடியைக் கழற்றாமலே, "கிளச் செட் முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று தீர்ப்புக் கூறினார்கள். ரூபாவின் மதிப்பு விழுந்திருந்த அந்நாளில் அவர்கள் கேட்ட தொகை அவளுடைய ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடக்கூடியது.

அயலில் இருந்த ஒரு முதிய பாஸ் எம் வீட்டு முற்றத்துக்கே வந்தார். வந்தவர் முதலில் கேட்டது ஸ்பானரை அன்று. மகள் கரும்பலகைப் படம் வரையும் தடித்த பேனாவை. முன்கப்பித் தட்டின் உட்புறத்தில், நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு போட்டு மூடியைப் பூட்டினார். "பிள்ளை, சமதரையில் முழு வேகத்தில் ஒருமுறை ஓடிவிட்டு வாங்க" என்றார். அவள் திரும்பி வந்ததும் திறந்து காட்டினார். பெல்ட் உரசிய இடமெல்லாம் மை அழிந்திருந்தது. விளிம்போரம் ஒரு விரலகலத்துக்கு மை அப்படியே இருந்தது. பெல்ட் அவ்வளவு தூரம் ஏறவே இல்லை!

காரணம் உடனே அகப்பட்டது. வட்டமாக இருக்கவேண்டிய உருளைகள் ஆறும் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன. உருளமாட்டாமல் அங்கங்கே சிக்கிக்கொண்டிருந்தன. பெல்ட்டும் அகலத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் ஒடுங்கி, பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கின. ஒடுங்கிய பெல்ட் தட்டுகளுக்கிடையே ஆழ்ந்து கிடக்கும், மினுங்கும் பெல்ட் வழுக்கும், வழுக்கினால் கருகும். நடுக்கத்துக்கோ கிளச் கட்டைகளில் படிந்த பளபளப்பே காரணம். அவற்றை மணற்கடதாசியால் தேய்த்து, டிரம்மையும் ஈரத்துணியால் துடைத்தார். அத்தூளை வாயால் ஊதவோ, காற்றடித்துப் பறக்கவிடவோ கூடாது; சுவாசத்துக்கு அது நஞ்சு. மாற்றியவை உருளைகளும் பெல்ட்டும் மட்டுமே. கேட்ட தொகையில் கால்வாசியும் ஆகவில்லை.

உருளைகளை வாங்கும்போது வீட்டில் ஒரு விவாதம் எழுந்தது. எடை குறைந்த உருளைகளைப் போட்டால் ஏற்றத்தில் வண்டி துள்ளிப் பாயும் என்றான் எம் தங்கையின் மகன். உண்மைதான். இலேசான உருளை தாமதித்தே தட்டை நெருக்கும். எஞ்சின் உயர்ந்த சுழற்சியில் வலிமையோடு இழுக்கும். ஆனால் அதற்குப் பெற்றோல் வேண்டுமே! அப்போது கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர்தான். "துள்ளிப் பாய்ந்து பாதிவழியில் நிற்பதா?" என்றார் இல்லத்தரசி. கம்பெனி நிர்ணயித்த எடையையே போட்டோம்.

பூட்டுகையில் பாஸ் ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் காட்டினார். வீட்டில் தாமே வேலை பார்க்கும் இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. பின்கப்பித் தட்டுகளைக் கையால் விரித்து, பெல்ட்டை அங்கே ஆழமாக அமிழ்த்திய பின்னரே முன்கப்பியின் நட்டை இறுக்க வேண்டும். அப்படிச் செய்யாவிடில் பெல்ட் முன் தட்டுகளுக்கிடையே நெரிந்துகொள்ளும். நட் இறுகிவிட்டதுபோல் கைக்குத் தோன்றும். ஓடத்தொடங்கிப் பெல்ட் நகர்ந்ததும் நட் தளரும், தட்டின் பற்கள் அரைபட்டுப்போகும். பெல்ட்டின்மேல் அம்புக்குறி இருந்தால் அது சுழலும் திசையையே காட்டவேண்டும்.

மலைநாட்டில் வசிப்போர்க்கு இன்னொன்று. இறக்கத்தில் வேகம் மிகக் குறைந்தால் கிளச் தானே விடுபட்டுவிடும். எஞ்சினின் பிடிப்பு அற்று, வண்டி திடீரென இலேசாகிச் சறுக்குவதுபோல் ஓடும். புதிதாக ஓட்டுவோர் பிரேக் பழுதென்று அஞ்சிவிடுகிறார்கள். வளைவுக்கு முன்னரே இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்துப் பழகவேண்டும். எம் மகளை அந்தப் பாதையில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதையே பழகச்செய்தோம்.

2025 இல் இறக்குமதித் தடை நீங்கியது. புதிய வண்டிகளின் விலையோ எமக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. பழைய ஸ்கூட்டரே இன்றும் அப்புத்தளைக்கு ஏறுகிறது. ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் மூடியைத் திறந்து தூளைத் துடைத்து, பெல்ட்டின் அகலத்தை அளந்து, கிலோமீற்றர்க் கணக்கோடு சமையலறைக் கலண்டரில் மகளே எழுதிவைக்கிறாள். சென்ற விடுமுறையில் அவள் போட்ட மைக்கோடு விளிம்புவரை அழிந்திருந்தது.