கார் போய் மோனோகிராம் மிச்சம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் எக்கியார்குப்பம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உறுமல் சத்தம் ஆரம்பித்துவிடும். சென்னையிலிருந்து டிபன் சாப்பிடப் புதுச்சேரி போகிற ஸ்போர்ட்ஸ் கார்கள். டீக்கடை பெஞ்சிலிருக்கும் பையன்கள் வண்டியை எங்கே பார்க்கிறார்கள்? அதன் மூக்கைத்தான் பார்க்கிறார்கள். குதிரை என்றால் பெராரி, காளை என்றால் லம்போர்கினி. நம்பர் பலகையில் பி.ஒய். என்றிருந்தால் ஒரு நமட்டுச் சிரிப்பு. புதுச்சேரியில் வண்டி வரி குறைவு என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

இந்த மூக்குப் பைத்தியம் எங்கள் வீட்டிலும் இருந்தது. மரக்காணத்தில் உப்பு வியாபாரம் செய்த பெரியப்பாவிடம் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர் தொழிற்சாலையில் செய்தது, நான்கு கதவு. இங்கிலாந்தில் இதன் அசல் பெயர் ட்ரையம்ஃப் ஹெரால்டு, அங்கே இரண்டே கதவுதான். கூட்டுக் குடும்பத்துக்கு அது போதாதென்று நினைத்தார்களோ என்னவோ, நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும்தான் வந்தது.

பெரியப்பா மகன் ஒருநாள் சென்னை புதுப்பேட்டைக்குப் போய், காயலான் கடையில் ஒரு பென்ஸ் நட்சத்திரம் வாங்கிவந்து பானெட்டில் ஒட்டிவிட்டான். பெரியப்பா சாயந்திரம் வந்து பார்த்தார். திட்டவில்லை. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பி எடுத்து அவன் கையிலேயே கொடுத்தார். "ஊரான் பேரு நமக்கு இன்னாத்துக்குடா?"

அந்த ஹெரால்டின் ஜாதகம் அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. அதன் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் 1962இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்கிற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவரே, இத்தாலியின் ஜியோவான்னி மிக்கெலோட்டி. மட்கார்டோடு சேர்ந்து மொத்த முன்பாகமும் முதலை வாய் மாதிரி முன்னால் திறக்குமே, அது இரண்டிலும் உண்டு. உப்பு மூட்டைக் கணக்கு பார்க்கப் போன வண்டி, ஸ்போர்ட்ஸ் காருக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

மோனோகிராம் விஷயத்தில் (ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பேட்ஜுக்கு இதுதான் பெயர்) பெராரியின் கதையே வேடிக்கை. 1956இல் இறந்துபோன மகனின் நினைவாக என்சோ பெராரி ‘டினோ’ என்று ஒரு காரைக் கொண்டுவந்தார். அதில் குதிரை கிடையாது, மகன் பெயர் மட்டும். இதெல்லாம் அசல் பெராரியா என்று ரொம்ப நாள் பேசினார்கள். வாங்கியவர்கள் பலர் தாங்களே குதிரையை வாங்கி ஒட்டிக்கொண்டார்கள், என் அண்ணன் செய்த அதே வேலை! இன்று டினோ கோடிக்கணக்கில் போகிறது. சேகரிப்பவர்கள் கேட்பதெல்லாம் தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படி இருக்கிறதா என்றுதான். ஒட்டிய குதிரை வண்டிக்குக் கௌரவம் சேர்ப்பதில்லை.

மூக்கை மாற்றி விற்பது நம் பக்கத்திலும் நடந்தது. ஒரகடம் தொழிற்சாலையில் ரெனோ டஸ்டரும் நிஸான் டெரானோவும் ஒன்றாகத்தான் தயாராயின. அடியில் ஒரே வண்டி, முகம் மட்டும் வேறு, டெரானோவுக்கு விலை கூடுதல். அந்தக் கூடுதலை மனமறிந்து கொடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிடித்த மூக்குக்குக் காசு கொடுப்பது கல்யாணத்திலும் நடக்கிறது.

உப்புக்காற்று மட்டும் எந்த மூக்கையும் மதிக்காது. பழைய மோனோகிராம்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு, மேலே குரோமியப் பூச்சு. பூச்சில் ஊசி முனையளவு ஓட்டை விழுந்தால் போதும், உள்ளே துத்தநாகம் பொரிந்து அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். நகத்தால் கீறினால் வெள்ளைத் தூள் உதிரும். சேஸிஸ் துரு இன்னும் மோசம். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் இரும்பு உள்பக்கமிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும், டிங்கரிங் செய்பவர் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் கை உள்ளே போய்விடும். ஓடுகிற வண்டியையாவது அடிக்கடி கழுவுவோம். பெரியப்பாவுக்குப் பிறகு எங்கள் ஹெரால்டு கொட்டகையில் நின்றே இற்றது. வாங்கிப் பூட்டி வைத்து விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் சத்தம் போட்டாலும் ஓட்டவாவது செய்கிறார்கள்.

கடைசியில் எங்கள் ஹெரால்டை எடைக்குப் போட்டது நான்தான். பின்பக்கப் பெயரெழுத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். கொப்புளம் போட்ட அந்த எழுத்து இப்போது என் மேசைமேல் காகிதம் பறக்காமல் அழுத்திக்கொண்டிருக்கிறது. ஆர்.சி. புத்தகமும் பழைய பேப்பரோடு போய்விட்டது.

2021 ஜூலையில் மத்திய அரசு, 50 வயது தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யும் விதியைக் கொண்டுவந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் பழைய ஆர்.சி.யைக் காட்டவேண்டும். உங்கள் வீட்டுக் கொட்டகையில் தாத்தா கார் ஏதாவது நின்றால், மோனோகிராமை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம். முதலில் அந்தப் புத்தகம் எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தேடிப் பாருங்கள்.