எட்டாயிரம் சுற்று

கோவை கணபதியில் என் சித்தப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எரிந்துபோய் வரும் பம்புசெட் மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புது எனாமல் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைப்பார்கள். பள்ளி விடுமுறைகளில் சுற்றை எண்ணுவது என் வேலை. பல வருஷம் கழித்து, கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ஒரு வீட்டின் கார் ஷெட்டுக்குள் நுழைந்தபோது ஏறக்குறைய அதே வாசனை. அங்கேயும் காயில்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள், கிட்டாருக்கு.

என்னை அழைத்துப் போனவர் அர்வைனில் வேலை பார்க்கும் நண்பர். அவரிடம் ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் இருக்கிறது. புதிது, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மூன்று வருஷமாக மனுஷருக்குத் தூக்கமில்லை. ஆம்பை மாற்றினார், கேபிளை மாற்றினார், தந்தியை மாற்றினார். “எல்லாம் இருக்குண்ணே, அது மட்டும் இல்ல” என்பார். எது என்று கேட்டால் விளக்க வராது, அறுபதுகளில் வந்த ஏதாவது ஓர் இசைத்தட்டின் பெயரைச் சொல்வார். கிட்டார்காரர்கள் இதற்கு ‘விண்டேஜ் டோன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதைத் தேடி ஃபுல்லர்டனுக்கு வருவதில் ஒரு நியாயம் உண்டு. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், ஆரஞ்சுத் தோப்புகள் நிறைந்திருந்த இந்த ஊரில்தான் 1950-இல் கட்டைக் கிட்டாரைத் தொழிற்சாலைப் பொருளாக்கினார். அடுத்த வருஷம் அதற்கு டெலிகாஸ்டர் என்று பெயர் வந்தது, 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. லியோவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1965 ஜனவரியில் அவர் கம்பெனியை 1.3 கோடி டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனம் வாங்கியது. அதற்கு முன் செய்தது தங்கம், பின் செய்தது தகரம் என்று கிட்டார் உலகம் கோடு கிழித்துவிட்டது. கோடு அவ்வளவு நேரானது இல்லை. ஆனால் அந்தக் கோட்டை நம்பித்தான் விலை ஏறுகிறது.

ஷெட்டில் இருந்தவர்கள் இரண்டு பேர். அறுபதைத் தாண்டிய மெக்சிகோ வழிப் பெண்மணி ஒருவர், அவருடைய அண்ணன் மகன். அவன் அவரை ‘தியா’ என்று கூப்பிட்டான். ஸ்பானிஷில் அத்தை. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

“எந்த வருஷம்?” என்றார் தியா. சர்க்கரை தூக்கலா, கம்மியா என்று டீக்கடையில் கேட்கிற தோரணை.

“அறுபத்து மூணு” என்றார் நண்பர்.

அந்த வருஷத்துப் பாணியில் ஒரு பிக்கப் கேட்டுத்தான் போயிருந்தோம். பிக்கப் என்பது கிட்டாரின் காது. ஸ்ட்ராட்டில் ஆறு தந்திக்கும் ஆறு அல்நிக்கோ காந்தக் குச்சிகள் உண்டு. மேலும் கீழும் கறுப்பு ஃபைபர் அட்டை, நடுவே காந்தங்களைச் சுற்றிக் கம்பி. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, கம்பியில் துளி மின்சாரம் பிறக்கிறது. விஷயம் இவ்வளவுதான். ஆனால் அந்தக் கம்பியின் தடிமன் 0.063 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. அதை ஏறக்குறைய எட்டாயிரம் முறை சுற்ற வேண்டும். ஒரு பிக்கப்புக்குள் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கம்பி அடங்கியிருக்கிறது.

மெஷின் பாபினைச் சுழற்றுகிறது, கம்பியை வழிநடத்துவது கை. தியா கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு ஃபெல்ட் துண்டை வைத்து, அதற்குள் கம்பியை ஓடவிட்டார். கை இடமும் வலமுமாக மெதுவாகப் போய்வந்தது. அதில் ஒழுங்கு இருந்தது, ஆனால் அது மெஷினின் ஒழுங்கு இல்லை. ஒரு வரிசை நெருக்கமாக விழுந்தது, அடுத்தது கொஞ்சம் சாய்ந்து விழுந்தது. சித்தப்பா பார்த்திருந்தால் என் தலையில் குட்டியிருப்பார். மோட்டாரில் சுற்று அடுக்கடுக்காகப் படிய வேண்டும். இங்கே படியாமல் இருப்பதுதான் சரக்கு. கம்பி குறுக்கும் நெடுக்குமாக விழும்போது அடுத்தடுத்த சுற்றுகள் ஒட்டிப் படுப்பதில்லை. அவற்றுக்கிடையே தேங்கும் மின்கொள்ளளவு குறைகிறது. உச்சத் தொனிகள் மங்காமல் வெளியே வருகின்றன. சுற்று கூடினால் சத்தம் பெருக்கும், கூடவே இருளும். குறைந்தால் மணி அடித்தது போல ஒலிக்கும், ஆனால் மெலியும். கம்பியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதும் சேர்த்தி.

ஏழாயிரத்தைத் தாண்டி எண் ஓடிக்கொண்டிருந்தபோது கம்பி அறுந்தது. அறுந்தது எனக்குத் தெரியவே இல்லை, தியாவின் விரலுக்குத் தெரிந்தது. சாலிடர் வைத்து ஒட்டித் தொடரலாமே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு பிளேடை எடுத்து மொத்தக் கம்பியையும் கீறி எறிந்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஐம்பதுகளின் ஃபெண்டர் தொழிற்சாலையிலும் இப்படித்தான். மெஷின் சுழற்ற, பெண்களின் கை கம்பியை நடத்தியது. அவர்களில் ஒருவர் பெயர் இன்று எல்லோருக்கும் தெரியும். 1956-இல் வேலைக்குச் சேர்ந்த அபிகேல் இபாரா, 2013-இல் ஓய்வு பெறும்வரை பிக்கப் சுற்றினார். அடித்தட்டில் தன் முதலெழுத்துகளையும் தேதியையும் எழுதுவது அவர் பழக்கம். அந்த இரண்டு எழுத்துக்காகவே பிற்காலத்தில் வரிசையில் நின்று வாங்கினார்கள்; கம்பெனியும் அவர் பெயரைச் சொல்லியே விற்றது. கிட்டார் கழுத்தைச் செதுக்கிய டாடியோ கோமெஸ் கழுத்தின் அடியில் ‘டி.ஜி.’ என்று பென்சிலால் எழுதுவார். ஆரம்பகால ஸ்ட்ராட்களின் குழிக்குள் ஒட்டிய மாஸ்கிங் டேப்பில் மேரி, குளோரியா என்று பெயர் மட்டும் இருக்கும். பூர்த்தி செய்தவர் இன்னார் என்பதற்கான அடையாளம், அவ்வளவே. அந்தத் துண்டு டேப் அப்படியே இருந்தால் இன்று கிட்டாரின் விலை கூடுகிறது.

கிழக்கே மிச்சிகனின் கலமசூவில் இருந்த கிப்சன் தொழிற்சாலைக் கதையும் இதே ரகம். இரைச்சலைத் தானே அடக்கிக்கொள்ளும் இரட்டைக் காயில் பிக்கப்புக்கு சேத் லவர் 1955-இல் காப்புரிமை கேட்டார், 1959-இல் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம்’ என்று அடியில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பி.ஏ.எஃப்.’ என்றால் இன்று கிட்டார்காரர் கண்ணில் நீர் வரும். காயிலுக்கு 5,000 சுற்று என்பது கணக்கு. நிறுத்துவது வேலை செய்தவரின் கை. அதனால் ஒரு காயில் கூடும், ஒன்று குறையும். காந்தமும் கையில் கிடைத்த ரகம். ஒன்றைப் போல ஒன்று இருக்காது.

அந்தப் பிக்கப் போட்டு 1958-லிருந்து 1960 வரை செய்த சன்பர்ஸ்ட் லெஸ் பால் கிட்டார் அப்போது 300 டாலருக்குக் கீழ். சரியாக விற்கவில்லை என்று கம்பெனியே நிறுத்திவிட்டது. 1966-இல் ஜான் மேயாலின் ப்ளூஸ்பிரேக்கர்ஸ் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் ஒரு பழைய லெஸ் பாலை மார்ஷல் ஆம்பில் செருகிச் சத்தத்தை முழுக்க ஏற்றினார். நிறுத்திய சரக்குக்கு அன்று பிடித்த கிராக்கி இன்னும் இறங்கவில்லை. இப்போது விலை லட்சக்கணக்கான டாலர். அதாவது கிட்டார் பழையதானதால் மட்டும் யாரும் துரத்தவில்லை. காதில் விழுந்த ஒரு பாட்டைத் துரத்துகிறார்கள். பதினைந்து வயதில் கேட்டதை நாற்பதில் வாங்கப் பார்க்கிறார்கள் என்பது என் கட்சி. நண்பர் ஒப்புக்கொள்வதில்லை.

பழுதையும் துரத்துகிறார்கள். கிட்டார் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959 லெஸ் பாலில் கழுத்துப்பக்க பிக்கப்பின் காந்தம் தலைகீழ். இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் மூக்கடைத்தவர் பாடுவது போல ஒரு ஒலி. அந்தக் கிட்டார் கேரி மூரிடம் போய், இப்போது மெட்டாலிகாவின் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது. அதே ஒலிக்காக நல்ல காந்தத்தைத் திருப்பிப் போடச் சொல்லி தியாவிடமும் ஆட்கள் வருகிறார்களாம். இன்னொரு கூத்து: பழைய ஸ்ட்ராட்டில் மூன்றாவது தந்திக்கான காந்தக் குச்சி உயரமாக நிற்கும். அந்தக் காலத்தில் மூன்றாவது தந்தி கம்பி சுற்றிய தந்தி, அதற்காக அந்த உயரம். இன்று எல்லோரும் போடுவது சுற்றாத வெறும் எஃகு. அந்தத் தந்தி மட்டும் தனியாகக் கத்தும். ஆனாலும் பழைய உயரமே வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். நண்பரும் கேட்டார்.

சுற்றி முடித்த பிக்கப்பை உருக்கிய மெழுகில் முக்கினார் அண்ணன் மகன். பாரஃபினோடு கொஞ்சம் தேன்மெழுகு. சுற்றுகளுக்கிடையே மெழுகு இறங்கிவிட்டால் கம்பி தளர்ந்து அதிராது, ஆம்ப் கீச்சிடாது. எனக்கு வீணையின் மேளம் நினைவுக்கு வந்தது. தேன்மெழுகில் கரியைக் குழைத்து மெட்டுகளைப் பதிப்பார்களே, அந்த மெழுகு. இங்கேயும் தேனீயின் தயவு தேவைப்படுகிறது.

வெளியே எடுத்துத் துடைத்ததும் ஆர்வக் கோளாறில் நானே மீட்டரை வைத்தேன். 6.48 கிலோ ஓம். நண்பரின் முகம் விழுந்தது. அவர் படித்துவைத்த ’63-க்கு அது அதிகம். தியா சிரித்தார். “சூடாக இருக்கிறது. போய்க் காப்பி குடித்துவிட்டு வாருங்கள்” என்றார். அரைமணி நேரம் கழித்து அதே பிக்கப் 5.97 காட்டியது. செம்பு சூடானால் மின்தடை ஏறும், பாகைக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம். பள்ளியில் படித்ததுதான், மறந்திருந்தேன். வெயிலில் ஒரு எண், நிழலில் ஒரு எண். இந்த எண்ணை ஜாதகக் கட்டம் போல ஒப்பிட்டுப் பொருத்தம் பார்த்துக் கிட்டார் வாங்குகிறவர்கள் ஏராளம்.

அப்படியானால் இதெல்லாம் மயக்கமா? நாஷ்வில்லின் ஜிம் லில் என்ற கிட்டார் கலைஞர், கிட்டார் உடலே இல்லாமல் பட்டறையில் இரண்டு முனைகளுக்கு நடுவே தந்திகளை இழுத்துக்கட்டி, கீழே பிக்கப்பை வைத்து வாசித்துப் பதிவு செய்தார். தன் நல்ல டெலிகாஸ்டர் ரகக் கிட்டாரோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். மரம், வார்னிஷ், வயசு என்று கட்டிய கோட்டை அதில் ஆட்டம் கண்டது. பிக்கப், அதன் உயரம், ஆம்ப், ஸ்பீக்கர், கேபிள் ஆகியவை தப்பித்தன. புதுக் கிட்டாரையே தேய்த்துக் கீறிப் பழசாக்கி விற்கும் வழக்கம் 1995-இலிருந்து ஃபெண்டர் கம்பெனியிலேயே உண்டு. அதைக் கேலி செய்யலாம். ஆனால் தேய்ந்த கழுத்து கைக்கு இதமாக இருப்பது உண்மை.

என் தீர்ப்பு இது: கைச்சுற்றுக்கு ஒலி உண்டு. ஆனால் அது ‘1963’ என்ற வருஷத்தின் ஒலி இல்லை. சனிக்கிழமை சீக்கிரம் வீட்டுக்குப் போக நினைத்த ஒருத்தியின், அன்று விரலில் வலி இருந்த இன்னொருத்தியின் ஒலி. அவர்கள் கையின் ஏற்ற இறக்கத்தை அந்தக் காலத் தொழிற்சாலை பொறுத்துக்கொண்டது. அது லட்ச லட்சமாக விலைபோகும்போது பணம் விற்பவரிடம் போகிறது, சுற்றியவருக்குப் பைசா வந்ததில்லை.

புறப்படும் முன் தியா பிக்கப்பைத் திருப்பி, தேதியையும் தன் முதலெழுத்தையும் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். நண்பர் அன்றிரவே அதை மாட்டினார். இரண்டு வாரம் “இதுதாண்ணே அது” என்றார். மூன்றாவது வாரம் ஸ்பீக்கரின் மீது சந்தேகம் வந்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பரணிலோ சர்ச் பாடகர் அறையிலோ பழைய எலக்ட்ரிக் கிட்டார் ஒன்று கிடக்கலாம். எந்த நாட்டில் செய்ததோ, என்ன பிராண்டோ. இரைகிறது என்று பிக்கப்பைக் கழற்றி எறிவதற்கு முன் அதைத் திருப்பி அடியில் ஒருமுறை பாருங்கள். பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் துடைத்துவிடாதீர்கள்.