பண்ருட்டிச் செம்மண்

விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையில் பண்ருட்டியைத் தாண்டிக் காடாம்புலியூர் பக்கம் வந்துவிட்டால், கோடை முழுக்க இருபுறமும் பலாப்பழக் குவியல்தான். பக்கத்திலேயே முந்திரிப் பருப்புப் பொட்டலங்கள். கெடிலக் கரையின் திருவதிகை அப்பருக்குச் சூலை தீர்ந்த தலம். ஊரின் பழம்பெருமை அது. சுற்றுக் கிராமங்களின் பிழைப்போ செம்மண் மேட்டில் நிற்கும் இந்த இரண்டு மரங்களில் இருக்கிறது.

ஒரே கொல்லையில் நின்றாலும் குடும்பத்துக்குள் இரண்டுக்கும் வேறு வேறு இடம். முந்திரி வீட்டிலுள்ள எல்லோரையும் வேலைக்கு இழுக்கும். தை, மாசியில் பூத்து, பங்குனி, சித்திரையில் பழம் தானாக உதிரும். சருகுக்குள் தேடிப் பொறுக்கி, பழத்தைத் திருகிக் கொட்டையைத் தனியே எடுக்க வேண்டும். விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளும் கூடை தூக்குவார்கள். பழத்தை விலைக்குக் கேட்க ஆளில்லை. பெரும்பாலும் மரத்தடியிலேயே அழுகுகிறது. கொட்டை உடைப்பது பெண்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் தோலை அரித்துப் புண்ணாக்கும், விரல்களைக் கறுப்பாக்கும். உள்ளூர் விளைச்சல் போதாமல் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் கொட்டையும் இங்கேதான் உடைபடுகிறது. முழுப்பருப்பின் விலையைப் பேசுகிறவர்கள் இந்தக் கைகளின் கூலியையும் பேசியாக வேண்டும்.

பலா தாத்தாவின் சொத்து. விதை போட்டு வளர்த்தால் காய்க்கவே ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். காய்க்கத் தொடங்கினால் பேரன் காலத்துக்கும் நிற்கும். பிஞ்சு விட்டதுமே வியாபாரிகள் வந்து மரத்தைப் பார்த்து விலை பேசி முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அவசரத்துக்குக் கை கொடுக்கிற பணம்தான். ஆனால் பழம் மண்டிக்குப் போய் நல்ல விலைக்கு விற்றால் அந்த லாபம் கொல்லைக்காரருக்கு வராது. வெட்டும்போது பழம் கீழே விழுந்து பிளந்துவிடாமல் கயிறு கட்டி இறக்குவார்கள். விதையில் முளைத்தவை என்பதால் சுவையும் மரத்துக்கு மரம் மாறும். எந்த மரத்துச் சுளை கெட்டி, எது தேன் என்று வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடம். பணிக்கன்குப்பத்தில் தேர்ந்தெடுத்த ஒரு மரத்தின் வழியில் வந்ததுதான் பாலூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘பாலூர் 1’ ரகம். காய்த்து ஓய்ந்த மரத்துக்கும் மதிப்பு உண்டு: தஞ்சாவூர் வீணை செய்யப் பண்ருட்டிப் பலாவைத்தான் தேடி வருகிறார்கள்.

2011 டிசம்பர் 30 விடியலில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. முந்திரிக் காடுகள் வேரோடு சாய்ந்தன. தலைமுறை கண்ட பலா மரங்கள் முறிந்தன. நெல் போனால் அடுத்த பட்டத்தில் விதைக்கலாம். இங்கே போனது பத்து, இருபது வருட வருமானம். மகள் கல்யாணத்துக்கு என்று மனதில் குறித்து வைத்திருந்த மரங்கள் விறகு விலைக்குப் போயின. அந்த இடைவெளியில் கூலி வேலைக்கு வெளியூர் போன மகன்களில் பலர் கொல்லைக்குத் திரும்பவில்லை. நின்றவர்கள் ஒட்டு முந்திரிக் கன்று வாங்கி நட்டார்கள். மூன்றாம் ஆண்டே காய்ப்புக்கு வரும் என்பதால். பலாவை மறுபடி வைக்கத்தான் தனித் துணிச்சல் வேண்டியிருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் ஒருவர் பலாக்கன்றுக்குக் குழி வெட்டுவதை நான் மிகப் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

இந்த மண்ணில் ஒரு விவசாயக் குடும்பம் எப்படி வாழ்ந்து எப்படி உடைகிறது என்பதை அறிய, பக்கத்துப் பத்திரக்கோட்டையில் பிறந்த தங்கர் பச்சானின் ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ நாவலைப் படிக்கலாம். 2007இல் அவரே அதைப் படமாகவும் எடுத்தார்.

முந்திரிக்காக வருகிறவர்கள் பங்குனியில் வாருங்கள். பலாவுக்கு வைகாசியும் ஆனியும். சாலையோரக் குவியலோடு நின்றுவிடாமல் உள்ளே மாளிகம்பட்டு, பணிக்கன்குப்பம் பக்கம் போய்க் கொல்லைக்காரரிடமே கேட்டு வாங்கினால், பழத்துக்குக் கொடுக்கும் பணம் முழுதாக அவர் கைக்குப் போகும்.