முதுகுவலியும் சிறுநீரகமும்: கத்திரி வெயில் நாள்களின் குறிப்புகள்

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கும் இந்நாள்களில் உடலின் நீர் வியர்வையாக வெளியேறுவதால் சிறுநீர் அளவில் குறைந்து அடர்த்தியில் கூடுகிறது. அதில் கரைந்துள்ள கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் முதலியவை படிகங்களாகத் திரண்டு சிறுநீரகக் கல்லாக வளரும் வாய்ப்பும் மிகுகிறது. வெயிலில் சுமை தூக்குவோரும் வயலில் குனிந்து உழைப்போரும் இந்த வாய்ப்புக்கு அதிகம் ஆளாகின்றனர். தசைப்பிடிப்பால் வரும் முதுகுவலியும் அவர்களையே மிகுதியாக வாட்டுகிறது. ‘வாய்வுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்தே சிறுநீரகத் தொற்றை முற்றவிடுவோர் ஒருபுறமிருக்க, சாதாரணச் சுளுக்கைக் ‘கிட்னி ஃபெயிலியர்’ என்று அஞ்சி உறக்கம் இழப்போர் மறுபுறம் இருக்கின்றனர். இரு சாராருக்கும் தேவைப்படுவது வலியைக் கூர்ந்து கவனிக்கும் பழக்கமே.

மே 9

சிறுநீரகங்கள் இடுப்புப் பட்டை கட்டும் இடத்தில் இருப்பதாகப் பலர் எண்ணினாலும், 10 முதல் 12 செ.மீ. நீளமுள்ள அவ்வுறுப்புகள் அதற்கு மேலே, கீழ் விலா எலும்புகளை ஒட்டி, முதுகெலும்பின் இருபுறமும் அமைந்துள்ளன; கல்லீரல் மேலே இருப்பதால் வலப்புறச் சிறுநீரகம் சற்றுத் தாழ்ந்திருக்கும். எனவே சிறுநீரக வலி பெரும்பாலும் ஒருபக்கமாக, 12ஆவது விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் கோணத்தில் ஆழமாக உணரப்படுகிறது. மருத்துவர் அவ்விடத்தில் ஓர் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் மற்றக் கையின் முட்டியால் மெல்லத் தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான்; அத்தட்டலில் நோயாளி துடித்தால் உள்ளே வீக்கமோ தொற்றோ அடைப்போ இருக்கலாம் என்ற ஐயம் வலுக்கிறது. சிறுநீரகத்தைப் போர்த்தியுள்ள உறை விரியும்போதும், சிறுநீரைச் சிறுநீர்ப்பைக்குக் கொண்டுசெல்லும் சிறுநீர்க்குழாய் அடைபட்டு விம்மும்போதும் வலி பிறக்கிறது.

மே 15

வலியின் இடத்தைவிட அதன் நடத்தை தெளிவான சான்று தருகிறது. தசையிலோ முதுகெலும்பு மூட்டிலோ பிறந்த வலி குனிந்தாலும் திரும்பினாலும் கூடி, ஓய்வில் தணிவதால், அந்நோயாளி தனக்கு ஒத்துவரும் ஒரு நிலையைக் கண்டுகொண்டு, முழங்காலை மடக்கி அசையாமல் படுத்திருப்பார். கல் அடைத்தவரோ எந்த நிலையிலும் நிம்மதி காணாமல் எழுந்து நடப்பார், மண்டியிடுவார், கட்டில் சட்டத்தில் நெற்றியை அழுத்துவார், வாந்தியும் எடுப்பார். அவ்வலி அலை அலையாக எழுந்து, விலாப்புறத்திலிருந்து அடிவயிறு வழியே தொடையிடுக்கை நோக்கி இறங்கும். பிட்டத்திலிருந்து காலின் பின்புறமாக முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலி, பெரும்பாலும் முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் வருவது. அதற்கும் சிறுநீரகத்துக்கும் தொடர்பில்லை.

மே 21

மூன்றாவது சான்று, வலியோடு சேர்ந்து வருபவை. சிறுநீர் சிவந்தோ கலங்கியோ போவதும் நீர்க்கடுப்பும் சிறுநீர்ப் பாதையைச் சுட்டும். எனினும் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் சிறுநீரிலும் இரத்த அணுக்கள் இருக்கக்கூடும் என்பதால் ஆய்வகச் சோதனை தேவைப்படுகிறது. விலாப்புற வலியுடன் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். கல்லால் அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்றும் சேர்ந்தால் அது சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவி உயிரையே பறிக்கக்கூடும் என்பதால் விடியும்வரை காத்திருத்தல் தகாது. சிறுநீர் அறவே நின்றுபோனவர், கர்ப்பிணி, ஒரே சிறுநீரகத்துடன் வாழ்பவர் ஆகியோருக்கும் இவ்விதி பொருந்தும். சிறுநீர் கழிக்க முடியாமையுடன் கால்கள் வலுவிழந்து, ஆசனப் பகுதி மரத்துப்போனால், பழுது முதுகெலும்புக்குள் இருக்கும் நரம்புக் கற்றையில் இருக்கலாம். அதுவும் அவசர நிலையே. ஒருபக்கப் பட்டையாக எரியும் வலி, சில நாள்களில் கொப்புளம் கண்டு அக்கியாக வெளிப்படுவதும் உண்டு.

மே 28

நீரிழிவாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் ஆண்டுக்கணக்கில் மெல்லத் தேயும் சிறுநீரகம் பொதுவாக வலிப்பதே இல்லை என்பது எல்லாவற்றிலும் முதன்மையாக அறிய வேண்டிய செய்தி. முதுகு வலிக்காததால் சிறுநீரகம் நலம் என்று முடிவு செய்ய இயலாது; ஆகவே இவ்விரு நோய் உள்ளவர்கள் வலிக்காகக் காத்திராமல், இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவையும் சிறுநீரில் புரதக் கசிவையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். முதுகுவலிக்காக மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் விழுங்கப்படும் டைக்குளோபெனாக், ஐபுபுரூபன் போன்ற வலி நிவாரணிகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. உடலில் நீர் வற்றும் கோடையில் அத்தீங்கு பெருகுகிறது. சிறுநீரக நோயால் வராத முதுகுவலி, தவறான மருத்துவத்தால் சிறுநீரக நோயைக் கொண்டுவரும் வழி இதுவே. ஆதலால் முதுகுவலி வந்தவர் அது எப்பக்கம், எந்த அசைவில் கூடுகிறது, காய்ச்சல் உண்டா, சிறுநீரின் நிறம் என்ன, எந்த மாத்திரை எத்தனை நாளாக உட்கொள்ளப்படுகிறது என்பனவற்றை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுப்பாராயின், சிறுநீர்ச் சோதனை போதுமா, ஸ்கேன் தேவையா என்பதை அவர் விரைந்து தீர்மானிக்க முடியும்.