எஸ்ஸன்ல ஒரு மேசை, சென்னையில மூணு கட்டை

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்துல ஒவ்வொரு அக்டோபரும் நாலு நாள் 'ஷ்பீல்' நடக்குது. 1983ல ஆரம்பிச்ச போர்டு கேம் திருவிழா. நம்ம புத்தகக் கண்காட்சி மாதிரி நினைச்சுக்கோங்க, ஆனா வாங்குறதுக்கு முன்னாடி உட்கார்ந்து ஆடிப் பார்க்கலாம். முதல் தடவை போறீங்களா? நல்ல ஷூ போட்டுக்கோங்க, டாக்டரா சொல்றேன்.

நான் உட்கார்ந்தது 'பாண்டமிக்' மேசையில. மாட் லீகாக் உருவாக்கி 2008ல வந்த ஆட்டம். இதுல ஒருத்தரை ஒருத்தர் ஜெயிக்க முடியாது. எல்லாரும் சேர்ந்து நாலு நோய்களை எதிர்க்கணும். ஒரு ஊர்ல மூணு கட்டை இருக்கும்போது நாலாவது வந்தா, நோய் பக்கத்து ஊர்களுக்குத் தெறிக்கும்.

அந்தப் பலகையில சென்னையும் இருக்குங்க. அன்னிக்கு அதுமேல மூணு கறுப்புக் கட்டை. 2020ல கோவிட் வார்டுல நின்னவனுக்கு அது வெறும் கட்டையாத் தெரியல.

எனக்கு வந்தது 'மெடிக்' வேஷம். போற ஊர்ல ஒரு நிறத்துக் கட்டை மொத்தத்தையும் ஒரே மூச்சுல எடுக்கலாம். (நிஜத்துல அப்படி ஒருத்தர் இருந்தா எனக்கு அறிமுகப்படுத்துங்க!) ஆனா என் காய் அட்லாண்டாவுல. எதிர்ல இருந்த ஜெர்மன் பாட்டிதான் 'டிஸ்பாட்சர்', மத்தவங்க காயையும் நகர்த்தலாம். "உங்க ஊரா?"ன்னு கேட்டாங்க. தலையாட்டினேன். தன் முறையை எனக்காகச் செலவு பண்ணி, என்னை மும்பை வழியா சென்னையில கொண்டுபோய் வச்சாங்க. என் முறை வந்ததும் மூணையும் எடுத்தேன்.

கடைசியில சீட்டுக்கட்டு தீர்ந்து தோத்துட்டோம். பாட்டி அதுக்குள்ள அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைக்க ஆரம்பிச்சுட்டாங்க.