கயிற்றின் நிறம்

பள்ளிக்கூடத்தில் ஒரு வன்முறை நடந்தால் செல்போன், சினிமா, கண்டிக்காத பெற்றோர் என்று உடனே காரணம் சொல்லிவிடுகிறோம். அவற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் நாங்குநேரியை நினைத்தால் அந்தப் பட்டியல் எனக்குப் போதவில்லை.

2023 ஆகஸ்டில் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு தேடி வந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அவன் செய்தது என்ன? தன்னைத் துன்புறுத்தியதைப் பள்ளியில் சொன்னான், அவ்வளவுதான். நம்மைப் பற்றிப் புகார் சொல்ல இவன் யார் என்ற கோபத்தைச் செல்போனா கற்றுக்கொடுத்தது? வீட்டுத் திண்ணையும் தெருமுனை பேனரும் ஊர்த் திருவிழாவும் சேர்ந்து ஊட்டியது அது. பதினேழு வயதில் கைக்கு அரிவாள் வருவதற்குப் பல வருடம் முன்பே மணிக்கட்டில் சாதியைக் காட்டும் நிறத்தில் கயிறு வந்துவிடுகிறது.

அந்தக் கயிற்றைத் தடுக்கச் சொல்லி 2019-லேயே கல்வித்துறையிலிருந்து சுற்றறிக்கை போனது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு பின்வாங்கியது. நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகப் போடக் கூடாது என்றெல்லாம் பரிந்துரைகள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அடிபட்ட பிள்ளை பயமில்லாமல் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

வெட்டுப்பட்ட அந்த மாணவன் மறுவருடம் பொதுத்தேர்வில் 469 மதிப்பெண் எடுத்தான். எல்லோரும் பாராட்டினோம். ஆனால் சந்துரு குழுவின் அந்தப் பரிந்துரைகள் உங்கள் ஊர்ப் பள்ளியில் எந்த அளவு நடைமுறையில் இருக்கின்றன? ஆசிரிய நண்பர்கள் எழுதுங்கள்.