சொல்லக் கூடாத இடம்

முகம் சுளிக்காமல் வாசிக்க வேண்டும் என்ற வேண்டுகோளோடு இதை எழுதுகிறோம். எங்கள் பெரியப்பாவுக்கு வந்தது ஆண்குறிப் புற்றுநோய். இந்தச் சொல்லை உச்சரிக்கவே எங்கள் குடும்பத்துக்கு வெகுகாலம் பிடித்தது.

கம்பத்தை அடுத்த திராட்சைத் தோட்டங்களில், பந்தலின் கீழ் உழைத்தே அறுபது வயதைக் கடந்தவர் அவர். குறியின் நுனியில் சிறு புண் தோன்றியபோது வேர்க்குரு என்றெண்ணித் தேங்காயெண்ணெய் தடவினார். பிறகு மஞ்சள். பிறகு மருந்துக்கடையில் தயங்கித் தயங்கிக் கேட்டு வாங்கிய ஏதோ களிம்பு. ஓராண்டு கழிந்தது. வாடை வரத் தொடங்கியதும் திண்ணையில் தனியே படுக்கலானார். வேட்டியில் இரத்தக்கறையைப் பெரியம்மா கண்ட பிறகுதான் தேனிக்குப் புறப்பட்டோம். க.விலக்கு அரசு மருத்துவமனையில் திசுப் பரிசோதனை செய்தார்கள். அதற்குள் தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது.

"எவகிட்டப் போயி வாங்கிட்டு வந்தாராம்?" என்பதே பெரியம்மாவின் முதல் கேள்வி. பெரியப்பாவின் வேதனை வேறு. "தெனம் ரெண்டு வேள முல்லையாத்துல குளிக்கிறவன்ப்பா நானு. என்னய அழுக்கன்னா சொல்றாங்க?"

மருத்துவர் இருவருக்கும் பொறுமையாக விடை சொன்னார். பெரியப்பாவுக்கு இளவயது முதலே முன்தோல் பின்னுக்கு இழுபடாது. எத்தனை முறை குளித்தாலும் நீர் உள்ளே சேராது. உள்ளே தேங்கும் படிவும் ஓயாத அழற்சியும் பல்லாண்டுகளில் புற்றாக மாறக்கூடும். சிறுவயதிலேயே முன்தோல் நீக்கும் வழக்கமுள்ளவர்களிடம் இந்நோய் மிக அரிதாக இருப்பது இதனால்தான். பீடியும் ஒரு காரணம். ஏறத்தாழப் பாதிப் பேரிடம் கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான அதே எச்.பி.வி. வைரஸ் காணப்படுகிறது. அது மிகப் பரவலான வைரஸ்; ஒழுக்கத்துக்கான சான்றிதழ் அன்று. பெரியம்மாவும் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்றார். பெரியம்மா அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

தோலின் மேற்பரப்பிலேயே கண்டறிந்தால் களிம்பு, லேசர், அல்லது முன்தோலை மட்டும் நீக்கும் சிறு அறுவை போதும். ஆழமாக இறங்கினால் குறியின் ஒரு பகுதியை, சிலருக்கு முழுவதையும் நீக்க வேண்டும். முழுவதும் நீக்கினால் விரைப்பைக்குக் கீழே சிறுநீருக்குப் புது வழி அமைப்பார்கள். நெறிக்கட்டிகளில் நோய் பரவியிருக்கிறதா என்பதே பெரும்பாலும் ஆயுளைத் தீர்மானிக்கிறது. பரவியிருந்தால் அவற்றையும் நீக்கி, தேவைக்கேற்பக் கீமோதெரபியோ கதிர்வீச்சோ தருவார்கள்.

பெரியப்பாவுக்கு ஒரு பகுதியையும் தொடையிடுக்கு நெறிகளையும் நீக்கினார்கள். நின்றுகொண்டே சிறுநீர் கழிக்க முடிந்தது. அதைப் பெரிய ஆறுதலாகச் சொன்னார். கால் வீக்கம் மட்டும் இன்றுவரை வடியவில்லை. தொடக்கத்திலேயே வந்திருந்தால் இவற்றில் எத்தனை தேவைப்பட்டிருக்காது என்று எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அந்த ஓராண்டைத் தின்றது புற்றல்ல, வெட்கம்.

சென்ற ஆண்டு, தோட்டத்தில் உடன் வேலைசெய்யும் ஒருவர் அடிக்கடி ஒதுங்கிச் சொறிந்துகொள்வதைக் கண்ட பெரியப்பா, அவரைப் பந்தலின் ஓரத்துக்கு அழைத்துப்போய்த் தம் கதை முழுவதையும் சொல்லியிருக்கிறார். மறுநாளே மருத்துவமனைக்கும் கூட்டிப் போனார். அவருக்கு இருந்தது வெறும் படை. பத்து நாள் களிம்பில் ஆறிவிட்டது.

ஒரு வாரம் வரை அந்தச் செய்தியை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார் பெரியப்பா. சொல்லக் கூடாத அந்த இடத்தின் பெயரையும் சேர்த்தே.